நீர்வண்ணத்தில் அம்மன்: அளவு, நிறம், ஒளி

நீர்வண்ணத்தில் வெள்ளைக்கென்று தனியாக ஒரு நிறம் கிடையாது, காகிதம்தான் வெள்ளை. எண்ணெய் வண்ணத்திலும் போஸ்டர் கலரிலும் இருட்டின் மேல் வெளிச்சத்தை ஏற்றிவிடலாம். நீர்வண்ணத்தில் வெளிச்சத்தை முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும். அம்மன் உருவம் வரைபவருக்கு இந்த ஒரு விதியிலிருந்தே மற்ற எல்லா வேலையும் கிளைக்கிறது. மூக்குத்தியின் மினுக்கு, கிரீடத்தின் விளிம்பு, கண்மணியில் ஒரு புள்ளி, பின்னால் நிற்கும் பிரபையின் ஒளி ஆகிய நான்கும் எங்கே விழும் என்பது தூரிகை நனைவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தேவியின் ஒளி உடலுக்குள்ளிருந்து வருவதாகக் காட்ட விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை. மெல்லிய நிறப் படலத்தைத் தாண்டிக் காகிதம் வரை போய்த் திரும்பும் வெளிச்சம்தான் பார்ப்பவர் கண்ணுக்கு வருகிறது.

இந்த இயல்பை அறிந்து தேவி உருவத்துக்குப் பயன்படுத்தியவர்களில் முன்னோடி வங்கத்தின் அவனீந்திரநாத் தாகூர். 1903-இல் கல்கத்தா வந்த யோகோயாமா தாய்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்களின் வேலையைப் பார்த்து, அவர் வாஷ் முறையைத் தமக்கென வளர்த்துக்கொண்டார். மெல்லிய நிறத்தைப் பூசி, காய்ந்தபின் காகிதத்தையே நீரில் நனைத்து, மறுபடி பூசி, மறுபடி நனைக்கும் முறை இது. 1905-இல் அவர் தீட்டிய ‘பாரத மாதா’வில் நான்கு கைகளில் சுவடி, நெற்கதிர், வெண்துணி, உருத்திராக்க மாலை இருக்கின்றன. காவி உடைக்கும் பின்னணிக்கும் இடையே கறாரான எல்லை இல்லை. தமிழ்நாட்டில் அதே வாஷ் முறையைக் கைக்கொண்டவர் சென்னை கலைப் பள்ளியில் படித்த எஸ். ராஜம் (1919–2010). இசையறிஞராகவும் இருந்த அவர், அஜந்தா, சித்தன்னவாசல் சுவரோவியங்களின் கோட்டை நீர்வண்ணத்துக்குள் கொண்டுவந்தார்.

தமிழ் வீடுகளின் சுவரில் அதிகம் தொங்குவது இந்த மரபு இல்லை, காலண்டர் மரபு. சென்னை கலைப் பள்ளியில் பயின்று கோவில்பட்டியில் குடியேறிய சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய லட்சுமியும் சரஸ்வதியும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியே ஊரெல்லாம் பரவினார்கள். அது பெரிய சாதனை. ஆனால் அந்தப் படங்களின் அழகு ஒளிபுகாத வண்ணத்தின் அழகு. அவற்றைப் பார்த்து நீர்வண்ணத்தில் நகலெடுப்பவர் கன்னத்தின் வழுவழுப்புக்காகத் திரும்பத் திரும்பத் தேய்த்து, கடைசியில் காகிதத்தையும் நிறத்தையும் சேற்றாக்கிவிடுகிறார். நீர்வண்ணம் பழகுபவருக்குக் காலண்டரைவிடக் கல்லும் செம்பும் நல்ல ஆசிரியர்கள். ‘ஆனந்த விகடன்’ இதழின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று வரைந்த ஓவியர் சில்பி (1919–1983) காட்டிய வழி அதுதான்.

பார்த்து வரைய நெய்வேலியைச் சுற்றி

அப்படிக் கல்லையும் செம்பையும் பார்த்து வரைய, நெய்வேலி நகரியத்தில் இருப்பவருக்கு மூல உருவங்கள் தொலைவில் இல்லை. நகரியத்திலேயே உள்ள நடராஜர் கோயிலில் பத்தடி உயர ஐம்பொன் நடராஜருக்கு அருகில் சிவகாமியம்மை நிற்கிறாள். தென்கிழக்கே சிதம்பரத்தில் சிவகங்கைக் குளத்துக்கு மேற்கில் சிவகாமியம்மன் கோயில். அதன் மண்டப விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. நிழல் தீட்டாமல், தட்டையான நிறத்தையும் உறுதியான கோட்டையும் வைத்தே உருவத்தை எப்படி நிறுத்துவது என்பதற்கு அவை பாடம். சிதம்பரத்தின் வடக்கு எல்லையில் கோப்பெருஞ்சிங்கன் 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தில்லைக் காளி கோயில். நெய்வேலிக்கு மேற்கே விருத்தாசலத்தில், செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய பழமலைநாதர் கோயில். சோழர் கோயில்களில் வடபுறக் கோட்டத்தில் (சுவர் மாடத்தில்) எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கையைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடம் என்பதால் அந்தக் கல்லில் வடிவம் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும்.

கருவறையில் படம் எடுக்கக் கூடாது. கோட்டத்து உருவங்களை வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்து பென்சிலில் வரைவதற்கும் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. வீட்டில் வைத்து ஆற அமரப் பார்க்க கொலு பொம்மை உதவும். பண்ருட்டியும் கடலூர் வண்டிப்பாளையமும் பொம்மைக்குப் பெயர்போன ஊர்கள். ஒரு துர்க்கை பொம்மையை ஜன்னலோரம் வைத்து, காலை வெயிலில் ஒரு படமும் மாலை வெயிலில் ஒரு படமும் வரைந்தால் முகத்தில் நிழல் விழும் விதம் கைக்கு வந்துவிடும். நிறத்தை மட்டும் பொம்மையிலிருந்து எடுக்க வேண்டாம். அது பளபளப்புப் பெயிண்ட்.

அளவு

சிற்ப நூல்கள் உமை, லட்சுமி, சரஸ்வதி, துர்க்கை முதலிய தேவியருக்கு மத்திம தசதாளம் என்ற 120 அங்குல அளவைச் சொல்கின்றன. இங்கே அங்குலம் என்பது அடிக்கோலின் இன்ச் அல்ல; உருவத்தின் உயரத்தையே பகுத்துப் பெறும் ஓர் அலகு. பழகத் தொடங்குபவருக்கு 108 அங்குல நவதாளம் இன்னும் எளிது. முகம் 12, கழுத்து 4, கழுத்தடியிலிருந்து மார்பு வரை 12, மார்பிலிருந்து கொப்பூழ் வரை 12, அங்கிருந்து தொடை தொடங்கும் இடம் வரை 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. கிரீடமும் பீடமும் இந்தக் கணக்கில் சேராது.

38 × 56 செ.மீ. அரைத் தாளில் உருவத்துக்கு 27 செ.மீ. ஒதுக்கினால் ஓர் அங்குலம் 2.5 மி.மீ. ஆகும், முகம் சரியாக 3 செ.மீ. ஆகும். கரண்ட மகுடத்துக்கு 5 செ.மீ., தாமரைப் பீடத்துக்கு 6 செ.மீ. கொடுத்தாலும் மேலும் கீழும் 18 செ.மீ. மிஞ்சும். பிரபைக்கும் வெற்றிடத்துக்கும் அது தேவை. இதைவிடச் சின்ன முகத்தில் நீர்வண்ணத்தால் கண் எழுதுவது புதியவருக்கு இயலாத வேலை. கால் தாளில் வரைய விரும்பினால் முழு உருவத்தை விட்டு மார்பளவு உருவத்தை எடுத்துக்கொள்ளலாம்.

சிவகாமி நிற்பது திரிபங்கத்தில். நடுக்கோடு ஒன்றைச் செங்குத்தாகப் போட்டு, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, மார்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, இடுப்பு எவ்வளவு ஒதுங்குகிறது என்று மூன்று சாய்கோடுகளால் குறித்துக்கொள்ள வேண்டும். இடுப்பு ஒதுங்கும் பக்கத்துக் கால்தான் உடல் எடையைத் தாங்கும். மற்றக் காலின் முழங்கால் சற்றே மடங்கும். இது பிசகினால் அம்மன் நிற்பதற்குப் பதில் சாய்ந்து விழுவதுபோல் தெரிவாள், எந்த நிறத்தாலும் பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. அளவுக் கோடுகளைத் தனித் தாளில் போட்டு, இறுதிக் கோட்டை மட்டும் ஜன்னல் கண்ணாடியில் வைத்து நல்ல காகிதத்துக்கு மாற்றுவது நல்லது. ரப்பர் தேய்த்த காகிதம் நிறத்தைத் திட்டுத் திட்டாக வாங்கும்.

கைகளும் ஆயுதங்களும் தேவியை அடையாளம் காட்டுபவை. அவற்றைக் கற்பனைக்கு விடக் கூடாது. சிவகாமிக்கு இரண்டு கைகள்: வலக்கை பூவைப் பிடிக்கும் கடக முத்திரை, இடக்கை தளர்ந்து தொங்கும் லோலம். மதுரை மீனாட்சிக்கும் இரண்டு கைகள்தான், வலக்கையில் கிளி. காமாட்சிக்கு நான்கு: பாசம், அங்குசம், கரும்பு வில், மலரம்பு. கோட்டத்துத் துர்க்கையின் மேற்கைகளில் சங்கு சக்கரம் இருக்கும். ஊர் மாரியம்மனுக்கு உடுக்கை, பாசம், சூலம், கபாலம் பரவலான வழக்கு என்றாலும் ஊருக்கு ஊர் மாறும். அந்தந்தக் கோயிலில் கேட்டு வரைவதே சரி. பெரும்பாலான பிழைகள் நடப்பது வலமும் இடமும் மாறுவதில்தான். அபயம் வலக்கை, வரதம் இடக்கை. கைப்பேசியில் திருப்பிப் பதிவான படத்தைப் பார்த்து வரைந்தால் அம்மன் இடக்கையால் அபயம் காட்டுவாள். வீட்டுப் பெரியவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உடை பற்றிய முடிவும் இப்போதே. சோழர் செப்புத் திருமேனியில் இடைக்கு மேல் ஆடை இல்லை, நகைகள் மட்டும். பூஜைக்கு வரையும் படத்தில் புடவை சாற்றுவதே வழக்கம். இரண்டும் சரி. பாதி வரைந்தபின் மனம் மாறுவதுதான் தவறு.

காகிதமும் நீரும் நெய்வேலிக் காற்றும்

பள்ளி மாணவர் வாங்கும் சார்ட் பேப்பர் இந்த வேலைக்கு ஆகாது. இரண்டாவது பூச்சிலேயே புழுபுழுவென்று எழும்பிவிடும். 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம் விலை அதிகம், ஆனால் வாஷ் முறைக்கு அதுதான் தாங்கும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் போன்றவற்றையும் பயன்படுத்தலாம். முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்க வேண்டும். உடனே உறிஞ்சிக்கொண்டால் அந்தக் காகிதத்துக்குப் பசைப்பிடிப்பு போதாது. 100 மி.லி. வெந்நீரில் 2 கிராம் ஜெலட்டின் கரைத்து, அகலத் தூரிகையால் ஒருமுறை பூசிக் காயவைத்தால் சரியாகும்.

நிறம் கலக்க வெள்ளைப் பீங்கான் தட்டுக்கு இணையில்லை. பிளாஸ்டிக் தட்டில் நிறம் முத்து முத்தாக ஒதுங்கும், கலவையின் அடர்த்தி தெரியாது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் பக்கத்திலேயே இருக்கும்போது பிளாஸ்டிக்குக்குப் போக வேண்டியதே இல்லை. நீர் இரண்டு குவளை: ஒன்று தூரிகை கழுவ, மற்றது நிறத்தில் சேர்க்க. இரும்புச் சத்துள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் மஞ்சளையும் இளஞ்சிவப்பையும் மங்கவைக்கும் என்பதால் குடிக்கும் நீரையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

சுரங்கமும் அனல் மின் நிலையமும் அருகில் உள்ள ஊர் இது. ஈர வாஷில் ஒரு கரிய துகள் விழுந்தால் அது அம்மன் கன்னத்தில் மச்சமாக நின்றுவிடும். மொட்டை மாடியில் காயவைக்கக் கூடாது. ஜன்னலைச் சாத்தி, பலகையைச் சற்றுச் சாய்த்து, மேலே பெரிய அட்டைப்பெட்டியைக் கூடாரம்போல் நிறுத்தி மூடினால் போதும். துகள் விழுந்துவிட்டால் ஈரத்தில் தொடவே வேண்டாம். முழுக்கக் காய்ந்தபின் பிளேடு முனையால் மெல்லத் தட்டினால் உதிரும்.

சித்திரை, வைகாசி வெயிலில் வாஷ் மளமளவென்று காய்ந்து, நிறத்தின் ஓரம் கறுத்த வரியாக நிற்கும். அந்த மாதங்களில் விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்தி, காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் நனைத்து வேலை செய்ய வேண்டும். நவராத்திரிக்குப் படம் முடிக்க நினைப்பவர் எதிர்கொள்வது இதற்கு நேர்மாறானது. புரட்டாசி மழை தொடங்கியதும் ஒரு பூச்சு காய நெடுநேரம் ஆகும். அவசரத்தில் ஈரத்தின் மேலேயே அடுத்த நிறத்தை வைப்பதுதான் படம் கலங்குவதற்கு முதல் காரணம்.

நிறங்கள்

மஞ்சளும் குங்குமமும் அம்மனுக்கு உரியவை என்பதால் அவற்றையே கரைத்துத் தீட்ட ஆசை வரும். பக்திக்கு அது நிறைவு தரலாம், படத்துக்குக் கேடு. மஞ்சளிலுள்ள குர்குமின் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். சுண்ணாம்பு பட்டால் சிவந்துவிடும். அப்படிச் சிவப்பதுதான் பழைய முறைக் குங்குமமே. டியூபில் வாங்கும் வண்ணத்திலும் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வெளுக்கக்கூடியது. குங்குமத்துக்கு பைரோல் சிவப்பு அல்லது குவினாக்ரிடோன் ரோஸ் எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் பூசிய முகத்துக்கு இன்றைய செயற்கை இண்டியன் யெல்லோ நன்றாக அமையும்.

உமைக்கு நூல்கள் சொல்வது சியாம நிறம், கரும்பச்சை சார்ந்தது. தாலோ பச்சையை அப்படியே வைத்தால் முகம் பிளாஸ்டிக்காகிவிடும். அதில் பர்ன்ட் சியன்னா சேர்த்து, நிறைய நீர்விட்டு, இலைக்குப் பின்னால் வெயில் அடிக்கும் பச்சையளவுக்கு இறக்க வேண்டும். நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல் இண்டியன் ரெட் மெல்லப் பூசினால் பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று அடக்கி, உயிருள்ள சாம்பல் தரும். காளிக்கும் கறுப்பு டியூப் வேண்டியதில்லை. அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைக் கெட்டியாகக் கலந்தால் வரும் கருமையில் நீலமும் பழுப்பும் மாறி மாறித் தெரியும். தீச்சடைக்கு அருகில் பழுப்பையும் உடலின் ஓரங்களில் நீலத்தையும் மிகுத்துக்கொள்ளலாம்.

நெய்வேலியின் மண்ணிலேயே இரண்டு நிறங்கள் உள்ளன. ஒன்று முந்திரித் தோப்புகளில் காலில் ஒட்டும் செம்மண். அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. எவ்வளவு வெயில் பட்டாலும் வெளுக்காது. ஒரு கைப்பிடி செம்மண்ணை வாளி நீரில் கலக்கி, அரை நிமிடம் மணல் படிய விட்டு, மேலிருக்கும் சிவந்த நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி, இரவு முழுக்க வைத்தால் அடியில் வழுவழுப்பான வண்டல் தங்கும். அதைத் துணியில் வடிகட்டி, நிழலில் உலர்த்தி, ஒரு பங்கு கருவேலம் பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் கரைத்த கரைசலோடு கண்ணாடிமேல் நன்றாக அரைக்க வேண்டும். காய்ந்தால் வெடிக்காமலிருக்க இரண்டு சொட்டுத் தேன். இந்தச் செம்மண் நிறம் அம்மன் கோயில் மதிலுக்கும், பீடத்துக்கும், உருவத்தின் முதல் அடிப்பூச்சுக்கும் அருமையாகப் பொருந்தும்.

மற்றது பழுப்பு நிலக்கரி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டு, 1956-இல் நிறுவனமாகி, 1961-இல் சுரங்கத்திலிருந்து முதன்முதலாக வெட்டியெடுக்கப்பட்ட அதே வகை லிக்னைட்தான் ஐரோப்பிய ஓவியர்களின் தட்டிலும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் கொலோன், காசல் வட்டாரப் பழுப்பு நிலக்கரியை அரைத்துச் செய்ததுதான் வான்டைக் பழுப்பு. ஒளி ஊடுருவும் அந்தக் கனிந்த பழுப்பு நிழல்களுக்காக விரும்பப்பட்டது. ஆனால் நிலைக்காது. வெளிச்சத்தில் வெம்மை போய்ச் சாம்பலாகிவிடும். அதனால் இன்று அந்தப் பெயரில் விற்கும் டியூபுகளில் பெரும்பாலும் மண் நிறங்களும் கறுப்பும் கலந்த கலவையே இருக்கிறது. காளியை ஊர் மண்ணின் கருமையாலேயே தீட்டும் எண்ணம் அழகானதுதான். குறிப்பேட்டுப் படங்களோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது. சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம்.

தீட்டும் வரிசை

முதலில் விட்டுவைக்கும் வேலை. நகைகளின் உச்சிப்புள்ளி, மூக்குத்தி, கிரீடத்தின் ஒளிபடும் விளிம்பு ஆகியவற்றில் மாஸ்கிங் திரவத்தைப் பழைய தூரிகையாலோ தீக்குச்சி முனையாலோ வைக்க வேண்டும். எல்லா நகைக்கும் வைத்தால் படம் முழுக்க வெள்ளைப் பொரி பொரியாகிவிடும். கண்ணுக்கு முதலில் பட வேண்டிய ஏழெட்டு இடங்கள் போதும்.

அடுத்து, தாள் முழுவதும் மிக நீர்த்த மஞ்சள் வாஷ். முகத்திலும் பிரபையிலும் மட்டும் அதை நனைந்த பஞ்சால் ஒற்றி எடுத்து வெளிச்சமாக்க வேண்டும். காய்ந்தபின் உடலுக்கு முதல் நிறம். மறுபடி காய்ந்தபின் தாளைத் தெளிந்த நீரில் நனைத்து, மேலாக நிற்கும் நிறத்தைக் கரைந்தோடவிட்டு, தங்கும் நிறத்தின் மேல் அடுத்த பூச்சு. நான்கைந்து முறை இப்படிச் செய்தால் நிறம் காகிதத்துக்குள் ஊறி, கோட்டின் ஓரங்கள் மிருதுவாகும். புடவை மடிப்பும் பின்னணியும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். நகை இதற்குப் பிறகுதான், மாஸ்கிங் திரவத்தை உரித்துவிட்டு. பொன் பெயிண்ட் வேண்டாம். காவி மஞ்சள் அடிப்பூச்சு, பாதியில் பர்ன்ட் சியன்னா, ஓரத்தில் கரும்பழுப்பு ஒரு கோடு, நடுவில் விட்டுவைத்த வெள்ளை. இந்த நான்கு படிநிலையும் சரியாக விழுந்தால் பொன் தானாகத் தெரியும்.

ஸ்தபதிகள் திருமேனியின் கண்ணைக் கடைசியில் திறப்பதுபோல ஓவியத்திலும் கண் கடைசி வேலை. முகம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். மேல் இமைக்கோட்டை முதலில், ஒரே இழுப்பில். கண்மணியை இரண்டு கண்ணிலும் ஒரே தடவை நனைத்த தூரிகையால். ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் பார்வை மாறுகண்ணாகும். சிவகாமியின் பார்வை சற்றுக் கீழிறங்கும், இமை கண்மணியின் மேற்பாதியை மறைக்கும். காளியின் கண்ணில் கண்மணி முழு வட்டமாகத் தெரியும். இந்த ஒரு வேறுபாட்டிலேயே அமைதியும் உக்கிரமும் பிரிந்துவிடுகின்றன. நெற்றிக் குங்குமம் கண்ணுக்கும் பிறகு.

முடிந்த படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விட வேண்டும். ஒட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயில் விழும் சுவரும், மழையில் ஊறும் வெளிச்சுவரின் உட்புறமும் ஆகாது. பூஜை அறையில் விளக்குப் புகையும் சாம்பிராணியும் கற்பூரமும் நாள்தோறும் படியும். அங்கே நல்ல தரத்தில் எடுத்த அச்சுப்படி ஒன்றை மாட்டி, மூலப் படத்தைக் கூடத்தில் வைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.